பிடிச்ச மீனை விட்டுட்டா போதுமா?



இன்னைக்கு சுகர், பிபி எதுவும் இல்லை. ஒரு மீனைப் பற்றிப் பேசப் போறேன். கடைசியில் நம்ம வார்டுக்கும் வருவேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

போன வருசம் செப்டம்பரில் இரண்டு வாரம் லீவு போட்டு, என்ஓசி எல்லாம் வாங்கி, கனடாவில் இருக்கும் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். டொராண்டோவை ஒட்டிய ஸ்கார்பரோவில் இருக்கார். ஞாயிற்றுக்கிழமை ஆனா போதும், அண்ணன் படகை எடுத்துக்கிட்டு வடக்கே சிம்கோ ஏரிக்குக் கிளம்பிடுவார். "டேய், ஒரு நாள் ஸ்டெதஸ்கோப்பை மறந்துட்டு வாடா"ன்னு கூப்பிட்டார். எனக்கும் ஒரு நாள் மீன்பிடி லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

தேடிப் போன மீன் ஸ்மால்மவுத் பாஸ். வெண்கல நிறம், உடம்பில் குறுக்குக் கோடுகள், சிவந்த கண். தூண்டிலில் மாட்டினால் தண்ணீரை விட்டு எகிறிக் குதிக்கும். இரண்டு கிலோ மீன்தானேன்னு நினைச்சா கை வலிக்கும்.

நம்ம ஊர்ல மண்புழுவைக் கோர்த்து, தக்கை எப்ப முங்கும்னு பார்த்துக்கிட்டு இருப்போம் இல்லையா? அங்கே தக்கையும் இல்லை, புழுவும் இல்லை. மூணு இஞ்ச் நீளத்துக்கு மெத்துனு ஒரு ரப்பர் புழு, காளான் தலை மாதிரி மூணு கிராம் ஈயம். இதுக்குப் பேரு நெட் ரிக். இன்னொன்னு டிராப் ஷாட்: கீழே குண்டு, அதுக்கு ஒரு அடி மேலே கொக்கி. இரை தரையைத் தொடாம மிதந்துக்கிட்டே இருக்கும். இப்படி மெல்லிய நரம்பு, சின்ன இரை, சத்தமில்லாத அசைவுன்னு பிடிக்கிறதைத்தான் ஃபினெஸ்ன்னு சொல்றாங்க.

ஏன் இவ்வளவு மென்மை? தண்ணீர் அவ்வளவு தெளிவு. கப்பல்களின் நிலைப்பு நீரோடு வந்த ஜீப்ரா சிப்பிகள் அந்தப் பக்கத்து ஏரிகளில் பெருகி, தண்ணீரை வடிகட்டித் தெளிய வச்சிடுச்சு. தடிச்ச நரம்பைப் பார்த்தா மீன் கிட்டயே வராது. அதே கப்பல் வழியா கருங்கடல், காஸ்பியன் பக்கத்திலிருந்து ரவுண்ட் கோபின்னு ஒரு குட்டி மீனும் வந்தது. 1990இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதலில் கண்டுபிடிச்சாங்க. இப்போ ஸ்மால்மவுத்துக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு. நாங்க போட்ட ரப்பர் புழுவும் தரையோட ஊர்ற கோபி மாதிரி ஒரு வேசம்தான்.

இங்கேதான் உடற்கூறு வருது. கோபிக்குக் காற்றுப்பை கிடையாது. அதனால அது தரையோடவே கிடக்கும். ஸ்மால்மவுத்துக்குக் காற்றுப்பை உண்டு. நம்ம கெண்டைக்கும் உண்டு, ஆனா கெண்டைக்கு அந்தப் பையிலிருந்து தொண்டைப் பக்கம் ஒரு குழாய் இருக்கு. காற்று அதிகமானா வாய் வழியா விட்டுடும். ஸ்மால்மவுத்துக்கு அந்தக் குழாய் இல்லை. உள்ளே இருக்கும் காற்று ரத்தம் வழியா மெதுவாத்தான் குறையணும். அதுக்கு மணிக்கணக்கில் ஆகும்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கிருந்து ஒரு மீனை ஒரு நிமிசத்தில் மேலே இழுத்தா, பைக்குள்ள இருக்கும் காற்று இரண்டு மடங்கா விரியும். பிளஸ் டூவில் படிச்ச பாயில் விதி, அவ்வளவுதான்.

காலையில் 35 அடி ஆழத்தில் அண்ணனுக்கு ஒரு பெரிய மீன் மாட்டுச்சு. கையை நனைச்சுக்கிட்டுத்தான் தொட்டார். காய்ந்த கை பட்டா மேலே இருக்கும் வழவழப்பு போயிடும், அதுதான் மீனுக்குப் பாதுகாப்புன்னார். கொக்கியின் முள்ளை முன்னாடியே குறடால் நசுக்கி வச்சிருந்ததால சட்டுனு கழன்றது. ஒரே ஒரு போட்டோ. தண்ணீரில் விட்டார்.

போகலை.

வயிறு உப்பி, பக்கவாட்டில் சாய்ந்து, மேலேயே மிதந்தது. வாலை அடிச்சு உள்ளே போகப் பார்க்குது, முடியலை. மேலே கடல்புறாக்கள் வட்டம் போடுது.

அண்ணன் என்னைப் பார்த்தார். "சில பேரு ஊசியைக் குத்திக் காத்தை எடுப்பாங்கடா. நீதான் டாக்டராச்சே, செய்யேன்."

கேஷுவாலிட்டியில் நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைச்சு மூச்சுத் திணறி வர்றவங்களுக்கு நெஞ்சில் ஊசி இறக்கியிருக்கேன். அந்த 'புஸ்' சத்தம் கேட்டதும் முகம் தெளியறதைப் பார்த்திருக்கேன். ஆனா அங்கே எந்த விலா எலும்புக்கு நடுவில், எந்த ஆழம்னு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இந்த மீனின் ஈரல் எங்கே, சிறுநீரகம் எங்கேன்னு எனக்குத் தெரியாது. "தெரியாத உடம்புல ஊசி போட மாட்டேன்ண்ணே. வேற வழி இருக்கா?"ன்னு கேட்டேன்.

இருந்தது. கிளிப் மாட்டிய ஒரு கனமான குண்டு. மீனின் தாடையில் மெதுவா மாட்டி, கயிற்றில் கீழே இறக்கினார். ஆழம் போகப் போக அழுத்தம் கூடி, காற்றுப்பை பழைய அளவுக்குச் சுருங்கும். அடியில் ஒரு வெட்டு வெட்டினதும் கிளிப் மட்டும் மேலே வந்தது. மீன் வரலை. அது பிழைச்சதா? எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

அண்ணன் ஒண்ணும் பேசலை. இஞ்சினைத் தட்டி, 12 அடி ஆழமுள்ள பாறைப் பக்கம் படகை ஓட்டினார். மீன் கம்மிதான். சாயங்காலம் வரைக்கும் மூணே மூணு. ஆனா மூணும் விட்ட நொடியில் எங்க முகத்தில் தண்ணீர் அடிச்சுட்டுப் போச்சு.

"பிடிச்சா சாப்பிட வேண்டியதுதானே?"ன்னு நீங்க கேக்கலாம். சட்டப்படி ஒரு எண்ணிக்கை வரை எடுத்துக்கலாம், தப்பில்லை. குளிர் ஏரியில் இந்த மீன் மெதுவாத்தான் வளரும். பெரிய மீனுக்குப் பத்து வயசுக்கு மேலே இருக்கும்ங்கிறதால அண்ணன் விட்டுடறார். ஆனா விடணும்னு முடிவு பண்ணிட்டா, அதுக்கப்புறம் அது உயிரோட இருக்கிறதும் நம்ம பொறுப்புதான். எந்த ஆழத்தில் தூண்டில் போடறோம்ங்கிறப்பவே அந்தப் பொறுப்பு ஆரம்பிச்சிடுது.

இப்போ வார்டுக்கு வரேன். "டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க, இனி கவலையில்லை"ன்னு நாம சொல்றோமே, அதுவும் இப்படித்தான். டிபிக்கு மருந்து ஆரம்பிச்ச சில வாரத்தில் இருமல் குறைஞ்சிடும், பசி எடுக்கும். நல்லாயிட்டேன்னு மாத்திரையை நிறுத்தினவங்க, மோசமான நிலையில் திரும்பி வர்றதைப் பார்க்கிறேன். ஆறு மாசம் முழுசா சாப்பிடணும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போறது தண்ணீரில் விடற மாதிரி. உள்ளே நீந்திப் போறாங்களாங்கிறதுதான் கேள்வி.

அதனால அடுத்த முறை உங்க வீட்டில் யாரையாவது டிஸ்சார்ஜ் பண்ணும்போது, கிளம்புறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.

எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு?

மறுபடி எப்போ வந்து காட்டணும்?

என்ன தொந்தரவு வந்தா உடனே ஓடி வரணும்?

எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கேளுங்க. பதில் சொல்றது எங்க வேலை.