மாதங்கியின் அன்னையும் என் அன்னையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு வகுப்பில் சுற்றறிக்கை வாசிக்கப்பட்டபோது, ‘என்னைக் கவர்ந்த பெண்மணி’ என்னும் தலைப்பில் எழுதுவதாக நான் பெயர் கொடுத்தேன். மேரி கியூரியைப் பற்றி எழுதுவேன் என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் எண்ணியிருக்கக் கூடும். “ராப் பாட்டுப் பாடுகிற ஒருவரைப் பற்றி, ஐயா” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “சரி, பிழையில்லாமல் எழுது” என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே, இந்தப் பாடகி ஒரு தமிழச்சி. இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. போர்க்களத்தில் காணாமற்போன வீரரைக் குறிக்க ஆங்கிலேயர் எழுதும் மூன்று எழுத்துகள் அவை.

அவரை நான் அறிந்துகொண்ட விதமே வேடிக்கையானது. சென்ற ஆடியில் பெருங்களத்தூரில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். உருமி மேளம் ஓய்ந்து மேளக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், எதிர்வீட்டு அண்ணன் தம் கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டு, “இது எந்த ஊர்க் கோயில் மேளம், சொல்லு பார்ப்போம்” என்றார். கேட்டேன். அதே உருமி, அதே உறுமல். “திண்டிவனம் பக்கம்” என்று துணிந்து சொன்னேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். மேளம் அடங்கியதும் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் எழுந்தது. 2007-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாய்ஸ்’ என்னும் பாட்டாம் அது. ஆனால் நான் முற்றிலும் தோற்றுவிடவில்லை. அந்த உருமியைப் பதிவு செய்தது நம் சென்னையில்தான்.

இயற்பியல் மாணவி என்பதால் ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. உருமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மற்றொரு முகத்தை வளைந்த குச்சியால் உரசுவார்கள். குச்சி தோலைச் சற்றுப் பற்றி இழுக்கும், பின் வழுக்கும், மீண்டும் பற்றும். இந்தப் பற்றலும் வழுக்கலும் இடைவிடாமல் நிகழ்வதால் எழும் அதிர்வே அந்த உறுமல். வயலின் வில் நரம்பின்மேல் செய்வதும் இதேதான். ஒன்று சபாவில் ஒலிக்கிறது, மற்றொன்று சாவு வீட்டிலும் கோயில் வாசலிலும் ஒலிக்கிறது. உராய்வு விதி இரண்டுக்கும் ஒன்றே.

நிற்க. மாதங்கி 1975-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாய் இருக்கும்போதே பெற்றோர் யாழ்ப்பாணம் திரும்பினர். தந்தை அருளர் ஈழப் புரட்சி அமைப்பாகிய ஈரோசைத் தொடங்கியவர்களுள் ஒருவர். ‘லங்கா ராணி’ என்னும் நாவலை எழுதியவர். வீட்டுக்கு அவர் வருவதே அருமை. வந்தாலும், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக, இவர் உங்கள் மாமா என்றே சொல்லி வைத்திருந்தார்களாம். தந்தையை மாமா என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள்! இடையே சில காலம் தாயும் பிள்ளைகளும் நம் சென்னையில் பாழடைந்த ஒரு வீட்டில் குடியிருந்தனர். எந்தத் தெருவோ, எந்தப் பேட்டையோ. மின்சார வண்டி கோடம்பாக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் பழைய ஓட்டு வீடுகளை எட்டிப் பார்ப்பது எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது.

1986-இல், மாதங்கிக்குப் பதினொரு வயது நிறையும் தறுவாயில், தாய் கலா பிள்ளைகளோடு இலண்டனுக்கு அகதியாய்ச் சென்றார். மிட்சம் என்னும் தென்புறப் பகுதியில் அரசு கட்டிக்கொடுத்த அடுக்கு வீடு. சென்னைக்குத் தாம்பரம் எப்படியோ, இலண்டனுக்கு மிட்சம் அப்படி என்று நானாக எண்ணிக்கொள்கிறேன். வீட்டிலிருந்த வானொலிப் பெட்டி திருட்டுப் போய்விட, அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த ஹிப்-ஹாப் இசையைக் கேட்டு வளர்ந்ததாக மாதங்கி சொல்லியிருக்கிறார். திருடனுக்கும் இசை உலகம் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது போலும்.

பின்னர் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் என்னும் புகழ்பெற்ற கலைக்கல்லூரியில் சேர்ந்து ஓவியமும் திரைப்படமும் பயின்றார். முறையாக விண்ணப்பிக்காமல், விடாமல் பேசிப் பேசியே இடம் வாங்கியவர் என்பார்கள். தரவரிசைப் பட்டியலில் நம் பெயர் எங்கே என்று விரல் வைத்துத் தேடிய நமக்கு இது கதைபோல்தான் இருக்கும். கல்லூரியை முடித்தபின் எம்சி-505 என்னும் மின்னணு மேளப்பெட்டியில் தாமே தட்டித் தட்டித் தாளம் அமைத்துப் பாடத் தொடங்கினார். முதல் இசைத்தொகுப்பு 2005-இல் வந்தது. அதற்குத் தந்தையின் பெயர், ‘அருளர்’. இரண்டாவது 2007-இல் வந்தது. அதற்குத் தாயின் பெயர், ‘கலா’. எங்கும் இல்லாத தந்தைக்கு முதலிடம், கூடவே இருந்த தாய்க்கு இரண்டாமிடம். நம் விண்ணப்பப் படிவங்களிலும் அதே வரிசைதானே!

ஆனால் உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது ‘கலா’தான். 2006-இல் அமெரிக்கா விசா தர மறுத்துவிட்டதால், அங்கே பதிவு செய்ய இருந்ததை விட்டு இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராய்ச் சென்று பாட்டுகளைச் சேர்த்தார். அதன் முதற் பாட்டில், ‘தளபதி’ (1991) படத்தில் நண்பர்கள் இருவரும் ஆடிப்பாடும் இளையராஜாவின் பாட்டு பின்னணியில் வந்து போகும். எங்கள் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டியபோது ஒருவரும் நம்பவில்லை. மூன்று முறை போடச் சொன்னார்கள். அதே தொகுப்பிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008-இல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது. 2009 பிப்ரவரி 8 அன்று கிராமி விழா மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாய் நின்று பாடினார். மூன்றாம் நாள் மகன் பிறந்தான். ஏ.ஆர்.ரஹ்மானுடன் அவர் ஆக்கிய ‘ஓ... சயா’ அதே ஆண்டு ஆஸ்கார் பரிந்துரையில் இருந்தது.

அவர் செய்த எல்லாம் எனக்கு உடன்பாடு என்று கொள்ள வேண்டாம். பாட்டின் நடுவே துப்பாக்கி வெடிக்கும் ஓசை எனக்குப் பிடிப்பதில்லை. 2012-இல் அமெரிக்காவே பார்த்துக்கொண்டிருந்த கால்பந்துப் போட்டியின் இடைவேளையில், மேடையில் நடுவிரலைக் காட்டியது தேவையா என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் 2009-இல் வன்னியில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அமர்ந்து அதைச் சொன்னவர் அவர். அத்தகைய மேடையும் துணிவும் ஒருங்கே வாய்த்த தமிழர் அன்று எத்தனை பேர்?

ஆடை அலங்கார உலகிலும் அவர் பெயர் பெரிது. 2008-இல் மார்க் ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு உருவம் தந்தார். 2013-இல் வெர்சாச்சே நிறுவனத்துக்காக ஆடைகளையே வடிவமைத்தார். அதிலே ஒரு குறும்பு. அந்த நிறுவனத்தின் பெயரைத் திருடிச் சந்தைகளில் விற்கும் போலி உடைகள் இருக்கின்றனவே, அவற்றையே மாதிரியாகக் கொண்டு அந்த நிறுவனத்துக்கே வடிவமைத்தார்! தாம்பரம் சந்தையில் பெயர்த்துண்டு வெட்டிய ஏற்றுமதிச் சட்டையைப் பேரம் பேசி வாங்கும் நமக்கு இதன் சுவை நன்றாய்ப் புரியும்.

இதெல்லாம் புகழின் கதை. என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. இலண்டன் சென்ற கலா அம்மையார் பிழைப்புக்குச் செய்தது தையல் வேலை. அதுவும் எதைத் தைத்தார்? அரசியார் வழங்கிய பதக்கங்களுக்குரிய தையலை, கையால், முப்பது ஆண்டு காலம்.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அன்னையும் தையற்காரர். தாம்பரம் சானடோரியத்தில், நாம் மெப்ஸ் என்று சொல்லும் ஏற்றுமதி வளாகத்தில், ஓர் ஆடைக் கம்பெனியில் பதினான்கு ஆண்டுகளாகக் காலர் வைக்கிறார். காலையில் நாங்கள் இருவரும் பெருங்களத்தூரில் ஒரே செங்கல்பட்டு வண்டியில், ஒரே மகளிர் பெட்டியில் ஏறுவோம். அடுத்த நிலையம் தாம்பரம். அங்கே என் வகுப்புத் தோழி ஏறுவாள். அதற்கடுத்த சானடோரியத்தில் அம்மா இறங்கிவிடுவார். ஆக, என் அன்னையும் என் தோழியும் ஒரே பெட்டியில் இருப்பது ஒரே ஒரு நிலைய தூரம், நான்கைந்து நிமிடம். அந்த நான்கைந்து நிமிடத்துக்காக, கல்லூரியில் சேர்ந்த நாள்முதல், தாம்பரம் வருமுன்பே நான் அம்மாவை விட்டு விலகி மறுவாசற்பக்கம் போய் நின்றுகொள்வேன். கூட்டம் அதிகம், அங்கே காற்று வரும் என்பேன். அம்மா ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. உங்கள் அம்மா என்ன செய்கிறார் என்று தோழி முதலாண்டில் கேட்டபோது, வீட்டில்தான் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கட்டணமும் இந்தக் கால்குலேட்டரும் காலர் வைத்த காசு.

மாதங்கிக்கு 2019 ஜூனில் எம்.பி.இ. என்னும் விருது அறிவிக்கப்பட்டது. ஆங்கில ஆட்சியைப் பாட்டில் சாடியவர் அரண்மனைப் பதக்கத்தை வாங்கலாமா என்று கேட்கத் தோன்றும் அல்லவா? அவர் சொன்ன விடை எளியது. தம் தாய் குறைந்த கூலிக்குப் பெருமையோடு தைத்த பதக்கம் இது, ஆகவே தாயின் பொருட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றார். 2020 ஜனவரியில் பக்கிங்ஹாம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் கையால் அதைப் பெற்றுக்கொண்டார். ரோசா நிற நாடா, இருபுறமும் முத்துச் சாம்பல் நிறக் கரை, அதில் தொங்கும் வெள்ளிச் சிலுவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அந்தப் பதக்கத்தின் படத்தைக் காட்டிக் கதை முழுவதையும் சொன்னேன். கிராமி, ஆஸ்கார், அரண்மனை எதையும் அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, நாடாவின் மடிப்பையே உற்றுப் பார்த்தார்.

“தையல் வெளிய தெரியல. மடிப்புக்குள்ள ஊசி போயிருக்கு. கைத்தையல்தான்” என்றார். பிறகு, “ஒரு பீசுக்கு எவ்வளவு குடுத்தாங்களாம்?”

“தெரியலம்மா. கூலி குறைச்சல்னு அவங்க பொண்ணு சொல்லியிருக்காங்க.”

“முப்பது வருஷம் கையால தைச்சிருக்காங்க. கண்ணு நல்லாயிருக்காமா அவங்களுக்கு?”

மகளைப் பற்றி எத்தனையோ படித்திருந்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். படத்தை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, மீண்டும் கிட்டக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. வண்டி தாம்பரத்தை நெருங்கியது. நான் நகரவில்லை. “போய் காத்து வர்ற பக்கம் நில்லு பாப்பா” என்றார் அம்மா. அப்போதும் நகரவில்லை. தோழி ஏறினாள், என்னைத் தேடிக் கண்டுபிடித்து அருகில் வந்தாள்.

“எங்கம்மா. மெப்ஸ்ல டெய்லர்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாய் இருந்தது.

அவள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “அம்மா வீட்லதான்னு சொன்ன?” என்றாள்.

நான் வாய் திறக்குமுன் அம்மா அவள் தோளருகே கைவைத்து, “கைக்குழியில தையல் விட்டிருக்கு பாரும்மா, பின் குத்தியிருக்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு எடுத்துட்டு வா, போட்டுத் தரேன்” என்றார். சானடோரியம் வந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி அவர் இறங்கிப் போனார்.