ஓடவும் தெரியணும், நிற்கவும் தெரியணும்! சூரியூர் வாடிவாசல்

தை பிறந்துவிட்டால் திருச்சிக்கு இரண்டு முகங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 236 அடி ராஜகோபுரத்தின் நிழலில் ஸ்ரீரங்கம் தைத்தேருக்குத் தயாராகும். காவிரிப் பாலம் தாண்டி, மலைக்கோட்டையைக் கடந்து, தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூர் போய்த் தெற்கே திரும்பினால், பெரிய சூரியூரில் பேச்சே வேறு. “இந்த வருஷம் எந்த மாடுப்பா முதல் மாடு?”

நற்கடல்குடி கருப்பண்ணசாமி கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் இந்த ஊர் ஜல்லிக்கட்டு, திருச்சி மாவட்டத்தில் பெயர் பெற்றது. விடிவதற்குள் சுற்றுவட்டாரத்திலிருந்து மட்டுமல்ல, புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கமிருந்தும் காளைகள் வேன்களில் வந்து இறங்குகின்றன. கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்த பிறகுதான் உள்ளே அனுமதி. முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் தொட மாட்டார்கள். கும்பிட்டு வழிவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆட்டம். வீரர் திமிலை மட்டுமே பிடிக்கலாம். வாலையோ கொம்பையோ தொடக் கூடாது. திமிலைத் தழுவியபடி 15 மீட்டர், அல்லது 30 விநாடி, அல்லது மூன்று துள்ளல் தாக்குப்பிடித்தால் மாடு பிடிபட்டது. இல்லையென்றால் மாடு ஜெயித்தது.

பிடிபடாத மாடுகளே ஏராளம் இருக்க, அவற்றில் சிறந்தது எது? டீக்கடை பெஞ்சில் பெரியவர்கள் போடும் கணக்கு இது.

மூன்றாம் இடம், ஓட்டக் காளைக்கு. வாடிவாசல் திறந்ததும் அம்பு மாதிரிப் பாயும். வீரர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லையைத் தாண்டிவிடும். தோற்காது. ஆனால், பார்க்கிறவர்களுக்கு மனசு நிறையாது.

இரண்டாம் இடம், நின்று விளையாடும் காளைக்கு. களத்தின் நடுவில் நின்று மண்ணைக் கிளறி, சுற்றிச் சுற்றி வந்து ஒருவரையும் அண்டவிடாது. கைத்தட்டல் முழுக்க அதற்குத்தான். ஆபத்தும் அங்கேதான். நேரம் ஆக ஆக மாடு களைத்துப்போகும். ஓர் இளைஞன் பின்பக்கமாகத் திமிலுக்குத் தாவினால் கதை முடிந்தது.

முதலிடம், இரண்டும் தெரிந்த காளைக்கு. பாய்ந்து வரும், சட்டென்று நிற்கும், கொம்பை ஒரு சுற்றுச் சுற்றும், கூட்டம் விலகியதும் அந்த இடைவெளியில் பறக்கும். ஓடுமா, நிற்குமா என்று தெரியாமல் வீரர் தயங்கும் அந்த ஒரு கணத்தில்தான் அது ஜெயிக்கிறது. விழாக் குழு சிறந்த காளையை அறிவிக்கும்போது, பெரும்பாலும் பெரியவர்களின் கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது.

இந்தத் திறமை ஒரு நாளில் வருவதில்லை. குளத்தில் நீச்சல், மண்மேட்டில் கொம்பு குத்தும் பயிற்சி, தினமும் நடை. பருத்திக்கொட்டை, தவிடு, புண்ணாக்கு, பேரீச்சம்பழம் என்று தீவனச் செலவு வேறு. பல வீடுகளில் இதைப் பார்த்துக்கொள்வது பெண்கள். களத்தில் யாரையும் நெருங்கவிடாத காளை, வீட்டு வாசலில் அவர்கள் குரலுக்குத் தலை தாழ்த்தி நிற்கும்.

அதனால்தான் 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது, இந்த வீடுகளுக்கு ஒரு கேள்வி எழுந்தது. வாடிவாசலே இல்லையென்றால், பாலும் தராத, உழவுக்கும் போகாத காளையை எதற்காக வளர்ப்பது? 2017 ஜனவரிப் போராட்டமும், அதைத் தொடர்ந்து வந்த சட்டத் திருத்தமும் வாடிவாசலைத் திறந்தன. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

ஆனால், ஆபத்து போய்விடவில்லை. வீரர்கள் மட்டுமல்ல, வேடிக்கை பார்ப்பவர்களும், எல்லைக்கு அப்பால் தன் காளையைப் பிடிக்கக் கயிற்றோடு காத்திருக்கும் உரிமையாளர்களும்கூட குத்துப்படுகிறார்கள். போகிறவர்கள் தடுப்புக்குப் பின்னால் இருப்பதே நல்லது. களத்தை விட்டு வெளியேறும் பாதையில் நிற்கவே கூடாது.

ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டையில் பெரும்பாலும் காளை உயிரோடு திரும்புவதில்லை. இங்கே ஜெயித்தாலும் தோற்றாலும் மாலைக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் வேண்டுதல். வேன் தெருவில் நுழைந்ததும் வீட்டுப் பெண்கள் பரிசு என்னவென்று முதலில் கேட்பதில்லை. மாட்டின் உடம்பில் காயம் இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்க்கிறார்கள்.