நாட்காட்டித் தாளில் ஒரு கவிஞர்

நுழையும்முன்
கவிஞர் என்றவுடன் மேடையும் மாலையும் கைதட்டலும் நம் நினைவுக்கு வருகின்றன. எழுதுவதற்கு ஒரு தாளும், தாளை ஒளித்துவைக்க ஓரிடமும் தேடிய கவிஞர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுள் ஒருவர், நூல்களின் வழியாகவும் பொதுப்பணியின் வழியாகவும் வெளியுலகை அடைந்த காலத்தைத் தம் பள்ளி நாள்களோடு சேர்த்து எண்ணிப் பார்க்கிறார் ஆசிரியர் ஒருவர்.

நெற்களத்தை ஒட்டிய தெரு

மண்ணச்சநல்லூரில் பிறந்தவர்களுக்கு ஊர் என்பது முதலில் ஒரு மணம். நெல் அவியும் மணம். விடியுமுன்பே அரிசி ஆலைகளின் புகைபோக்கிகளிலிருந்து உமிப்புகை எழும். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் துழாவியபடியே பெண்கள் நடப்பார்கள். வெயிலின் கடுமை பொறுக்காமல் நாங்கள் ஓடிக் கடக்கும் தரையில் அவர்கள் நாள் முழுவதும் நடந்தார்கள்.

களத்தை ஒட்டிய தெருவில் எனக்கொரு தோழி இருந்தாள். அவளுடைய இசைவைக் கேட்காமல் பெயரை இங்கு எழுதுவது முறையன்று. ஒன்பதாம் வகுப்பு வரை கட்டுரைப் போட்டிகளில் அவளுக்கே முதற்பரிசு. இரண்டாம் பரிசு எனக்கு. 1980களின் தொடக்கத்தில், ஒரு காலாண்டு விடுமுறைக்குப் பின் அவள் பள்ளிக்கு வரவில்லை. பெரியவளாகிவிட்டாள், இனிப் படிப்பு எதற்கு என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். நான்கு நாள்கள் என் குறிப்பேடுகளை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வாசலிலேயே, “இனிமேல் வேண்டாம்மா” என்றார்கள். திரும்பி நடந்தேன். ஓர் உண்மையைச் சொல்லவேண்டும்: அன்று என் துயரத்தின் ஓரத்தில், இனி முதற்பரிசு எனக்குத்தான் என்ற எண்ணமும் இருந்தது. அந்த எண்ணத்திற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பின்னர் நான் கல்லூரிக்குச் சென்றேன். எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்குள் நுழைய இரண்டு ஆறுகளைக் கடக்கவேண்டும். டோல்கேட்டைத் தாண்டினால் கொள்ளிடம். திருவரங்கத் தீவைக் கடந்தால் காவிரி. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து இரண்டு பாலங்களையும் கடந்த ஒவ்வொரு காலையும் அவளுக்கும் உரியதாக இருந்திருக்க வேண்டியது.

அதே மாவட்டத்தில் மற்றொரு சிறுமி

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் துவரங்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. 1968இல் அங்குப் பிறந்த சிறுமி ஒருத்தியின் படிப்பும் ஒன்பதாம் வகுப்போடு, பதின்மூன்று வயதில் நின்றது. இராசாத்தி என்னும் அந்தச் சிறுமியைத்தான் தமிழுலகம் பின்னாளில் கவிஞர் சல்மா என அறிந்தது.

என் தோழியின் வீட்டுச் சமயம் வேறு. சல்மாவின் வீட்டுச் சமயம் வேறு. தாழிட்ட கதவு மட்டும் ஒன்றாக இருந்தது. ஆகவே இதனை ஏதேனும் ஒரு சமூகத்தின் வழக்கம் என்று சுட்டிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ள இயலாது.

திருமணத்திற்குப் பின்னும் சல்மாவுக்கு எழுதும் உரிமை எளிதில் வாய்க்கவில்லை. மளிகைப் பொருள் சுற்றிவந்த செய்தித்தாள் துண்டுகளை விரித்து வாசித்தார். வீடு உறங்கிய பின் நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, அவற்றை ஒளித்துவைத்தார். அந்தத் தாள்கள் தாயாரின் கை வழியாக வெளியே சென்று இதழ்களை அடைந்தன. மகளின் படிப்பு நின்ற காலத்தில் தடுக்க இயலாதிருந்த தாய், மகளின் கவிதைக்குத் தூதரானார். ‘சல்மா’ என்பது புனைபெயர். எழுதுபவர் யார் என்பதை ஊரார் அறியாதிருக்க அது திரையாகவும் உதவியது.

திரை விலகிய ஆண்டுகள்

2000 முதல் 2006 வரையிலான காலத்தைச் சல்மாவின் வாழ்வில் ஓர் அறுவடைப் பருவம் எனலாம். 2000ஆம் ஆண்டில் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்னும் முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. துவரங்குறிச்சியை உள்ளடக்கிய பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. குடும்பத்தார் அவரை வேட்பாளராக நிறுத்தினர், அவர் வென்றார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். குடும்பத்தின் செல்வாக்கு கைவிட்டுப் போகாமலிருக்கவே பல இடங்களில் பெண்கள் நிறுத்தப்பட்டனர். பெயர் மனைவியுடையதாகவும் நாற்காலி கணவருடையதாகவும் இருந்த ஊர்கள் உண்டு. ஆனால், சட்டம் திறந்த கதவு யாருக்காகத் திறந்ததென்று பார்ப்பதில்லை. நுழைபவர் காலில் வலுவிருந்தால் அது வழியாகிவிடுகிறது. பேரூராட்சித் தலைவரின் நாள் குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால் என்று கழிவது. தெருவையே காணாதிருந்த ஒருவரிடம் தெருவைப் பேணும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அதனோடு, சல்மா யார் என்பதையும் ஊர் அறிந்தது.

பதவி அவருடைய எழுத்தை நிறுத்தவில்லை. 2003இல் ‘பச்சை தேவதை’ என்னும் கவிதைத் தொகுப்பும், 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்னும் புதினமும் வெளிவந்தன. மாலதி மைத்ரி, சுகிர்தராணி, குட்டி ரேவதி ஆகியோருடன் சல்மாவும் பெண்ணின் உடலையும் மனத்தையும் மறைக்காமல் எழுதியபோது, சிலர் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்புக்கு அவர்கள் எழுத்தாலேயே விடை தந்தனர். சல்மாவின் புதினத்தை இலட்சுமி ஓம்சுட்ரோம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 2009இல் வெளிவந்தது. கிம் லாஞ்சினாட்டோ இயக்கிய ‘சல்மா’ என்னும் ஆவணப்படம் 2013இல் உலக அரங்குகளில் திரையிடப்பட்டது.

எல்லாப் படிகளும் ஏறுபடிகளாக அமையவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் மருங்காபுரித் தொகுதியில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். பின்னர்த் தமிழ்நாடு சமூக நல வாரியத்தின் தலைவராகப் பணியாற்றினார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார்.

உறையூரின் நினைவு

கவிஞருக்குப் பொதுப்பணி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விடை திருச்சி மண்ணிலேயே இருக்கிறது. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு நிற்க, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். இருவரும் சோழர்கள். யார் தோற்றாலும் தோற்பது ஒரே குடி என்று இருவரிடமும் எடுத்துரைத்தவர் கோவூர்கிழார் என்னும் புலவர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். சொல்லைக் கொண்டு ஊருக்கு உழைப்பது நம் மரபில் புதியதன்று. பெண் அப்பணிக்கு வருவதும் புதியதன்று. இடையில் நாம் அதனை மறந்திருந்தோம்.

ஐந்தாம் நாளின் கடன்

சல்மாவைப் பற்றி முதன்முதலாக வாசித்த மாலையில் என் நினைவுக்கு வந்தது அந்த வாசற்படிதான். ஒரே மாவட்டம், ஏறத்தாழ ஒரே வயது, ஒரே வகுப்பில் நின்ற படிப்பு. ஒருவருடைய தாள்களை வெளியே கொண்டுசெல்ல ஒரு தாய் இருந்தார். மற்றவளுக்கு நான் இருந்திருக்கலாம். ஐந்தாம் நாளோடு நான் நின்றுவிட்டேன்.

சில ஆண்டுகளுக்குப் பின், என் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். கணக்கேட்டின் கடைசிப் பக்கங்களில் கவிதை எழுதும் பெண் அவள். நான் அவள் வீட்டிற்குச் சென்றேன். ஆலையில் மூட்டை தூக்கும் அவள் தந்தை, “படிச்சு என்னங்க டீச்சர் ஆகப்போவுது?” என்றார். அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. மறுநாளும் சென்றேன். ஐந்தாம் நாள் அதே கேள்வியோடு வாசலில் நின்றார். ஆறாம் நாளும் சென்றேன். “தேர்வு மட்டும் எழுதட்டும்” என்றார் அவர். அவள் எழுதினாள். அதற்குமேல் என்ன ஆனாள் என்பதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருமணமாகி வேறூர் சென்றாள். ஆனால், சென்றபோது அந்தக் கணக்கேட்டையும் எடுத்துச் சென்றாள் என்று அவள் தாய் சொன்னார்.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் ஓர் இருக்கை வெறுமையாக இருக்கக்கூடும். அதில் அமர்ந்திருந்தவர் எங்கோ ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்தத் தாள் வெளியே வர ஒரு கை வேண்டும். ஐந்தாம் நாளோடு நின்றுவிடாதீர்கள்.

தெரிந்து தெளிவோம்
அரசமைப்புச் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் 1992இல் நிறைவேற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்தன. உள்ளாட்சி அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களை அவை பெண்களுக்கு உறுதி செய்தன. தமிழ்நாட்டில் இது 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

கற்பவை கற்றபின்...
1. ‘சட்டம் திறந்த கதவு யாருக்காகத் திறந்ததென்று பார்ப்பதில்லை’ – இக்கூற்றைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் அவர்களின் படிப்பு எப்போது, ஏன் நின்றது எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.