அலாஸ்காக் கப்பலின் கடைசி இரவு

இரவு பத்து மணிக்கு முன் பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ஒவ்வொன்றிலும் ஒரு நிறச் சீட்டு. காலையில் யார் எப்போது இறங்குவது என்பதை அந்த நிறந்தான் தீர்மானிக்கும். அம்மாவுக்கு இது துண்டறப் பிடிக்கவில்லை.

"வெளியில வைச்சிட்டு நித்திரை கொள்ளுறதோ? ஆரும் தூக்கிக்கொண்டு போனா?"

"நடுக்கடலிலை எங்கையணை கொண்டு போறது?" என்றான் தம்பி.

அலாஸ்காவிலிருந்து வன்கூவர் திரும்பும் கப்பல்கள் பெரும்பாலும் கடைசி முழு நாளில் கரை தொடுவதில்லை. ஸ்காக்வே, ஜூனோ, கெச்சிக்கன் எல்லாம் முடிந்து, மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியாயிற்று. பாதிச் சனம் கணக்குச் சீட்டைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தது. மீதிச் சனம் அறைக்குள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பயணத்திலேயே தவறவிடக்கூடாத இடம் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது.

யூன் மாதம். ஒன்பது மணிக்கும் வானத்தில் வெளிச்சம் கிடந்தது. மேல்தளத்தில் எங்களைத் தவிர ஒரு சிலர்தான். வலப்பக்கம் வன்கூவர் தீவு, இடப்பக்கம் குவாட்ரா தீவு, நடுவே சீமோர் நீரிணை. கரைக் காட்டின் மரங்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம், அவ்வளவு கிட்ட. தண்ணீர் சுழித்துச் சுழித்து ஓடியது. இங்கே நீரோட்டம் மணிக்கு 15 கடல்மைல் வரை போகும். அதனால் பெரிய கப்பல்கள் வற்றும் பெருக்கும் ஓய்கிற இடைவேளை பார்த்தே நுழைகின்றன. முந்தின துறையை விட்டுப் புறப்படும் நேரத்தைக்கூட இதற்கேற்பத்தான் வகுப்பார்கள்.

ஒரு காலத்தில் இதன் நடுவே ரிப்பிள் ரொக் என்ற இரட்டை முகட்டுப் பாறை இருந்தது. வற்று நேரத்தில் அதன் உச்சிக்கு மேல் மூன்று மீற்றர் தண்ணீர்கூட நிற்காது. எத்தனையோ கப்பல்களைக் கிழித்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பாறை. பக்கத்து மோட் தீவில் குழி இறக்கி, கடலடியால் சுரங்கம் வெட்டி, பாறையின் வயிற்றுக்குள் ஆயிரம் தொன்னுக்கு மேல் வெடிமருந்தை அடைத்து, 1958 ஏப்ரல் 5ஆம் திகதி தகர்த்தார்கள். கனடா முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தது. நாங்கள் அதன் மேலாகத்தான் போனோம். கையில் ஐஸ்கிறீமோடு நின்ற மருமகள், "இப்ப பாறை இல்லைத்தானே?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் காம்பெல் ரிவர் ஊரின் விளக்குகள் தெரிந்தன. வன்கூவர் தீவின் தென்முனையில் உள்ள எஸ்குவிமால்ற் கடற்படைத் தளத்துக்குத்தான் 2010 ஓகஸ்டில் சன் சீ என்ற கப்பல் தஞ்சம் தேடிய 492 தமிழரோடு வந்தது. இறங்கியவர்களைத் தடுப்புக்காவலுக்குக் கொண்டுபோனார்கள். ரொறன்ரோவில் இருந்து இந்தப் பக்கம் உல்லாசப் பயணம் வருகிற எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு அது நினைவில் வருகிறதோ தெரியாது. அம்மாவுக்கு வந்தது. "அந்தச் சனம் எத்தினை மாதம் கடலிலை கிடந்ததுகள்" என்றவர், பிறகு பெட்டிக் கதையை எடுக்கவில்லை.

விடிய ஆறு மணிக்கு முன் லயன்ஸ் கேற் பாலம். 1938இல் திறந்த தொங்குபாலம்; கீழே 61 மீற்றர் உயரந்தான் இடைவெளி. புகைபோக்கி முட்டப்போகிறது என்று பிள்ளைகள் குனிந்தார்கள். மிகப் பெரிய உல்லாசக் கப்பல்கள் வன்கூவருக்கு வராததற்கு இந்தப் பாலமும் ஒரு காரணம். அதைத் தாண்டினால் 1986 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கனடா பிளேஸ், ஐந்து வெள்ளைப் பாய்க் கூரைகளோடு.

பிறகு எல்லாம் வரிசைதான்: சாப்பாட்டுக்கு வரிசை, இறங்க வரிசை, கடவுச்சீட்டுக்கு வரிசை. எங்கள் அறையைத் துப்புரவாக்கிய இந்தோனேசியத் தம்பி அதற்குள் புதுப் படுக்கை விரிப்புகளோடு ஓடிக்கொண்டிருந்தான். பின்னேரமே அடுத்த கூட்டம் ஏறிவிடும். பெட்டிகள் நிறப்படி கீழே காத்திருந்தன. அம்மா பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

போகிறவர்களுக்கு ஒரு சொல். மத்தியானத்துக்கு முன்னதான விமானத்தைப் பிடிக்க நினைக்காதீர்கள். வாடகைக் கார் வரிசையிலும் நிற்க வேண்டாம். துறைக்குப் பக்கத்திலேயே வாட்டர்பிரண்ட் நிலையம், அங்கிருந்து அரை மணித்தியாலத்துக்குள் ரயிலில் விமான நிலையம். பெட்டியைப் பின்னேரமே அடுக்கிவிட்டு, சீமோருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கப்பலில் கேட்டு வையுங்கள்.