பானெட்டுக்கு அடியில் பச்சை

மும்பையில் சுனாபட்டி என்றால் இப்போது பலருக்கும் மேம்பாலம்தான் நினைவுக்கு வருகிறது. 2019 நவம்பரில் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்குப் பாலம் திறந்த பிறகு, கீழே ஓர் ஊர் இருப்பதையே பார்க்காமல் கடந்துபோய்விட முடிகிறது. அதற்கு முன்னால் மழைக்காலத்தில் மட்டும் எங்கள் பெயர் அடிபடும். குர்லாவுக்கும் சுனாபட்டிக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, ஹார்பர் லைன் நின்றுவிட்டது என்று. மற்ற நாட்களில் நாங்கள் சயானுக்கும் செம்பூருக்கும் இடையில் சத்தமில்லாமல் கிடந்தோம்.

பெயரைப் பிரித்தால் சுண்ணாம்புக் காளவாய். என் பிள்ளைப் பருவத்தில் காளவாய் எதுவும் கண்ணில் படவில்லை. இருந்தது ஸ்வதேசி மில்லின் நீண்ட மதில், ரயில்வே கேட், கேட் மூடியதும் இரு பக்கமும் சேர்ந்துவிடும் கூட்டம். ஜாம்ஷெட்ஜி டாடா 1886-ல் குர்லாவில் வாங்கிப் பெயர் மாற்றிய மில் அது. கேட்டுக்கு இந்தப் பக்கம், தகரக் கொட்டகை ஒன்றில், பெரியப்பாவின் வண்டி நின்றது.

பெரியப்பா பரேல் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டர். ஸ்பின்னிங் பகுதியில் இருபது வருடம் இருந்தவர். 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில், தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த்தின் பின்னால் போன இரண்டரை லட்சம் பேரில் அவரும் ஒருவர். பிறகு அவர் மில் வாசலை மிதிக்கவில்லை. சின்ன லேத் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கராஜ்காரர்களுக்குப் புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுத்தார். வாரத்தில் ஆறு நாள் அது சோற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்குச் சொந்தம்.

1994-ல் அந்த ஞாயிறுகளை ஒரு மிலிட்டரி டிஸ்போசல் வண்டி எடுத்துக்கொண்டது. டாட்ஜ் வெப்பன் கேரியர். வடாலா உப்பளத்தில் மூட்டை அடித்துக் களைத்து, கடைசியில் கரையோரம் கைவிடப்பட்டுக் கிடந்ததை 18,000 ரூபாய்க்கு வாங்கி, கயிறு கட்டி இழுத்து வந்தார். பெரியம்மா ஒரு வாரம் பேசவில்லை. எனக்குப் பதினாலு வயது. அந்த வண்டியை முதலில் பார்த்தபோது யாரோ பெரிய மிருகத்தின் எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து போட்டதுபோல இருந்தது. கூரை கிடையாது, மேலே கித்தான் போடக் கம்பி வளைவுகள் மட்டும். ஸ்டியரிங் இடது பக்கம். தரைத் தகட்டில் உப்பு தின்ற ஓட்டைகள் வழியே மண் தெரிந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கப் படை இந்தியாவில் விட்டுப்போன வண்டிகள் ஏராளம். அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மாவுக்குள் சாலை போட்டு, பழைய பர்மா சாலையோடு இணைத்து, 1945 ஜனவரியில் சீனாவின் குன்மிங் நோக்கி 1,700 கிலோமீட்டருக்கு லாரிகளை ஓட்டியவர்கள் அவர்கள். அந்தச் சாலையில் சேற்றைக் குடித்து ஓடிய வண்டிகளின் கூடப்பிறந்தது எங்கள் டாட்ஜ். முக்கால் டன் சுமை, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, ஆறு சிலிண்டர், 92 குதிரைசக்தி. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தந்தால் புண்ணியம். போருக்குப் பின் இப்படிப்பட்ட டிஸ்போசல் வண்டிகளை ஏலத்தில் எடுத்துத்தான் நாடெங்கும் எத்தனையோ பேர் லாரித் தொழிலில் இறங்கினார்கள். மலைக்கு மரம் ஏற்றப் போனது, கல்குவாரிக்குப் போனது, உப்பளத்துக்குப் போனது எல்லாம் உண்டு. சண்டை முடிந்த பிறகுதான் அவை அதிகம் உழைத்தன என்று எனக்குத் தோன்றும்.

எஞ்சினைப் பற்றிப் பெரியப்பா கவலைப்படவில்லை. எட்டும் தூரத்தில் குர்லா இருந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அங்கேதான் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைக் கட்டியது. பத்மினி காருக்குப் பெயர்போன அதே தொழிற்சாலை. அந்த லாரியும் எங்கள் வண்டியும் கிரைஸ்லர் வீட்டுப் பிள்ளைகள். அதனால் குர்லா பங்கார்க் கடைகளில் பழைய இரும்பைச் சலித்தால் ஏதாவது ஒரு உறுப்பு அகப்படும். ஞாயிறு காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கடைக்காரரை அவர் "சாச்சா" என்பார், சாச்சா இவரை "அண்ணா" என்பார். கிரீஸ் ஊறிய தரையில் இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு வால்வைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பொருந்தாததைப் பெரியப்பா வாங்கி வந்து லேத்தில் கடைந்து பொருத்திவிடுவார். எட்டு மாதத்தில் எஞ்சின் முனகியது. பத்தாவது மாதம் ஓடியது.

எனக்குக் கொடுத்த வேலை உப்புத்தாள். தண்ணீர் வாளி ஒன்று, பழைய துணி ஒன்று, தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி எறிய காஸ்டிக் சோடாத் தண்ணீர் இருந்தது. அதை அடியிலும் சேஸிஸிலும் மட்டும் ஊற்றினார். பானெட்டையும் மட்கார்டையும் கையால்தான் தேய்க்க வேண்டும் என்றுவிட்டார். எனக்கு அப்போது கோபம் வந்தது. விரல் நுனியெல்லாம் வெந்துபோய், சாயங்காலம் சோற்றைப் பிசைய முடியாது.

மேலே செங்கல் சிவப்பு. அதைத் தாண்டினால் நீலம், நீலத்தின் மேல் அழிந்துபோன தேவநாகரி எழுத்துகள், யாரோ ஒரு முதலாளியின் பெயர் பாதி. அதற்கும் கீழே மஞ்சள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொருவருக்கும் பத்துப் பன்னிரண்டு வருடம். மஞ்சளைத் தாண்டியபோது பச்சை வந்தது. பாசியும் இல்லாமல் மண்ணும் இல்லாமல், பளபளப்பே அறியாத ஒரு பச்சை. ஆகாயத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு மின்னக் கூடாது என்று அப்படி அடித்தது. பானெட்டின் நடுவில் அந்தப் பச்சைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"ஏல, கைய எடு" என்றார் பெரியப்பா. தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவர் நெசவு இழையைத் தொடுவதுபோலத் தேய்த்தார். இன்னொரு முனை வந்தது. இருட்டும்வரைக்கும் தேய்த்து, ஐந்து முனையும் வந்த பிறகு துணியால் துடைத்துவிட்டு, இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். கேட்டில் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. "அம்பது வருசமா உள்ளேயே இருந்திருக்கு பாத்தியா" என்றார்.

அந்தப் பச்சையையே திரும்ப அடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கடையில் கலக்கிக் காட்டச் சொல்லி, தகட்டுத் துண்டுகளில் பூசி, வெயிலில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பேப்பர் வேலைக்கு வந்த தரகர்தான் அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 121-ஆம் விதி. ஆலிவ் கிரீன் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும், வேறு யாரும் அடிக்கக் கூடாது. நல்ல விதிதான், சீருடையைக் கண்டவனும் போட்டுக்கொள்ளக் கூடாதல்லவா. ஆனால் இந்த வண்டி அந்தச் சீருடையிலேயே பிறந்தது. ஜபல்பூரில் செய்த சக்திமான் லாரியையோ ஜோங்காவையோ இன்று ராணுவ ஏலத்தில் எடுத்துச் சீர்செய்கிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில் வந்து நின்றுதான் ஆக வேண்டும். எஞ்சினைத் திரும்பக் கொண்டுவரலாம், கித்தானைக் கொண்டுவரலாம், நிறத்தைக் கொண்டுவர முடியாது.

பெரியப்பா இரண்டு ஞாயிறு கொட்டகைப் பக்கம் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து, ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்தார்.

நட்சத்திரத்தின் மேல் அவரே பூசினார். என்னைப் பூசவிடவில்லை.

டிங்கரிங் முடிந்து, பள்ளங்களில் லம்பி வைத்துத் தேய்த்து, கடைசிக் கோட் அடிக்கிற நேரத்தில் ஆகஸ்ட் வந்துவிட்டது. கணபதிக்குள் முடித்துவிடலாம் என்று நான்தான் நச்சரித்தேன். மழை விட்ட ஒரு மதியம் ஸ்ப்ரே அடித்தோம். பத்து நிமிடத்தில் பெயின்ட் முழுக்கப் பால் பூத்துவிட்டது. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது தகடு குளிரும், காற்றின் ஈரம் அதில் வந்து படியும், ட்யூக்கோ பெயின்ட் வெளுத்துவிடும். இது அவருக்குத் தெரிந்த பாடம்தான், என் முகத்தைப் பார்த்து இணங்கிவிட்டார். திட்டவில்லை. மறுபடி உப்புத்தாளை என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

அக்டோபர் வெயிலில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வண்டி முழுதாயிற்று. கித்தான் தாராவியில் பை தைக்கிற ஒருவர் தைத்தது. மாலையும் எலுமிச்சம்பழமும் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கியது. நிறம் சாம்பல். வெளிர் சாம்பலும் இல்லை, கரும் சாம்பலும் இல்லை, லேசாகப் பச்சை கலந்தது. தெருவில் எல்லோரும் ஏன் இந்த நிறம் என்று கேட்டார்கள். கிடைத்ததை அடித்தேன் என்றார். ரொம்ப நாள் கழித்து, மூடிப்போன ஒரு மில்லின் சாமான்களை ஏலத்துக்கு வெளியே வைத்திருந்ததைப் பார்த்தேன். ரிங் ஃபிரேம்கள் வரிசையாக நின்றன. அதே சாம்பல்.

பானெட்டைத் தூக்கினால் உட்புறத்தில் மட்டும் பழைய பச்சை அப்படியே இருக்கும். அங்கே அவர் சோப்புத் தண்ணீர்கூடப் படவிட்டதில்லை.

2005 ஜூலை 26-ல், சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய அன்று, கொட்டகையில் இடுப்பளவு தண்ணீர். வண்டி தப்பியது, பெரியப்பாவின் லேத் போயிற்று. அதற்குப் பின் அவருக்கு முட்டி மடங்கவில்லை. 2007-ல் புனேயிலிருந்து பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவர் வாங்க வந்தார். நல்ல மனிதர். பானெட்டைத் தூக்கிப் பார்த்து, உள்ளேயும் ஒரு கை பெயின்ட் அடித்துவிடலாமே என்றார்.

"அது மட்டும் வேண்டாம், சாப்" என்றார் பெரியப்பா. வந்தவர் ஏன் என்று கேட்கவில்லை. தலையசைத்துவிட்டு மெதுவாக மூடினார்.

வண்டி கிளம்பியபோது கேட் மூடியிருந்தது. பன்வேல் லோக்கல் வந்துகொண்டிருந்தது. பெரியப்பா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, நின்ற வண்டிகளுக்கு நடுவில் நுழைந்து போனார். சூடான பானெட்டின் நடுவில், நட்சத்திரம் இருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ரயில் போய், கேட் ஏறும்வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.