குளிர்க்கருவியும் கருதலளவையும்

இளமையில் மடத்துப் பாடசாலையில் அளவையியல் பயின்று, பின்னர்ப் பல்லாண்டு அதனை மாணாக்கர்க்கு உணர்த்தியவன் யான். புகை கண்டவிடத்துத் தீயுண்மை துணிதல் கருதலளவை என்று எத்துணை முறை கூறியிருப்பேன்! அவ்வளவையை என் இல்லத்துக் காரின்கண் பயன்படுத்தத் தவறிய செய்தியை ஈண்டு எழுதுகின்றேன்.

அக்கார் 2006-ஆம் ஆண்டில் வாங்கியது. 2022-ஆம் ஆண்டுக் கோடையில் அதன் ஏ.சி. குளிர்ச்சியின்றி வெறுங்காற்றை வீசிற்று. கடையில், “கேஸ் குறைந்துவிட்டது” என்று நிரப்பித் தந்தனர். சில திங்களிற் குளிர்ச்சி மறைந்தது. 2023-இலும் அவ்வாறே நிரப்பினேன். அவருரையையே அளவையாகக் கொண்டு அமைந்தேன். ஏன் குறைந்ததென்று வினாவிலேன்.

2024-ஆம் ஆண்டு அக்கினி நட்சத்திர நாளொன்றில், நோயுற்ற என் மனைவியை மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேம். மகன் காரோட்டினான். கும்பகோணத்தை அணுகுமுன் கருவி முற்றும் கைவிட்டது. கண்ணாடியை இறக்க, அனற்காற்றே புகுந்தது. அவள் சோர்ந்து சாய்ந்து, “போன வருஷமே நன்றாகப் பார்த்திருக்கலாமே” என்றாள். வெயிலினும் அச்சொல் என்னைச் சுட்டது.

கும்பகோணத்து முதிய மெக்கானிக் ஒருவர் கேஸ் உருளையைத் தொட்டிலர். “ஐயா, வண்டி ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சூடானால் கண்டன்சர் விசிறியைப் பார்க்கவேண்டும். காற்றே குறைந்தால் வடிகட்டியில் அடைப்பு. இங்கே காற்று வருகிறது, கம்பிரசர் ஓடவில்லை” என்றார். அழுத்தமானி வைத்து நோக்கினார். கேஸ் மிகக் குறையின், அதனை அறியும் ஸ்விட்ச் கம்பிரசரை இயங்கவிடாது தடுத்துக் காக்குமாம். “கேஸ் பெட்ரோல் போல் எரிந்து தீர்வதன்று, மூடிய குழாயிற் சுற்றுவது. குறைந்ததென்றால் எங்கோ ஒழுகுகிறது” என்றார்.

கம்பிரசர் எண்ணெயும் கேஸுடன் கலந்து சுற்றுதலின், ஒழுகும் வாயில் எண்ணெய்ப் பசை தோன்றி அதன்மேற் புழுதி படியும். குழாய்ப் பொருத்தொன்றில் அத்தகைய கறை கண்டார். நைட்ரஜனை அழுத்திச் சோப்பு நுரை பூசவே குமிழி எழுந்தது. புகை கண்டு தீயுணர்ந்தார். யானோ அவ்விலக்கணத்தை உரைத்தொழிந்தேன்!

இறுகிப்போன ரப்பர் வளையத்தை மாற்றி, வேக்குவம் பம்பினால் உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் அகற்றி, அவ்வெறுமை நிலைத்து நிற்றலைச் சோதித்து, காரிற் குறித்த எடையளவே கேஸ் நிறைத்தார். அளவு மிகினும் குளிர்ச்சி குன்றும் என்றார்.

அக்கேஸ் ஆர்-134ஏ என்பது. ஓசோன் படலத்தை அரித்த ஆர்-12 கேஸுக்கு மாற்றாக, 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாட்டின் பின்னர் வழக்கில் வந்தது. ஓசோனுக்கு ஊறு செய்யாதெனினும், இதன் ஒரு கிலோ, நூறாண்டளவில், ஏறத்தாழ 1,430 கிலோ கரியமிலவாயு விளைக்கும் வெம்மையை விளைக்கும். ஆகலின், ஒழுக்கை அடையாது இருமுறை நிரப்பிய யான் இழந்தது பொருள் மட்டுமன்று; உலகிற்கும் வெம்மை கூட்டினேன்.

வேலை முடியுமுன் மருத்துவரைக் காணும் நேரம் கடந்தது. வீடு திரும்புங்கால், குளிர் மிக்கதென்று அவள் முந்தானையைப் போர்த்துக்கொண்டாள். எனக்கு நாணமே மிக்கது. அன்பர்காள், நிரப்புமுன் ஒழுக்கை நாடுமின்.