வேங்கை மரத்தடியில்

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் பத்மநாபபுரம் சென்றிருந்தோம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அது. 1956இல் குமரி தமிழகத்தோடு இணைந்த பின்னும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே உள்ளது. தாய்க்கொட்டாரத்துப் பலாமரத் தூணின் முன் நெடுநேரம் விரிவுரை நிகழ்த்தினோம், பழக்கம் விடுமா?

பிற்பகல் பேச்சிப்பாறைக் காட்டோரம் நடந்தோம். குறிஞ்சி நிலத்து வேங்கையைப் பற்றிப் பேசியவாறே சென்ற எம்மை, காணி இனத்து மாணவன் தயங்கித் தயங்கி இடைமறித்தான். "ஐயா, நாம் இப்போது கடந்து வந்ததே வேங்கைதான்."

இருபதாண்டுகளாகப் பாடம் நடத்திய மரம்! திரும்பிச் சென்று அண்ணாந்து நோக்கினோம். பூக்காலமன்று. பட்டையில் உறைந்திருந்த செம்பிசினை அவன் காட்டினான். அதில்தான் தங்கைக்குப் பாட்டி பொட்டுக் காய்ச்சுவாளாம்.

மறுவாரம் குறிஞ்சித்திணைப் பாடத்தை அவனையே தொடங்கச் சொன்னோம்.